அடிபட்ட மீனுக்கு உப்பு எதற்கு? தொட்டி மீன் தேறும் விதம்

தொட்டியில் ஒரு மீனுக்கு வால் கிழிந்தாலோ செதில் பெயர்ந்தாலோ முதலில் கிடைக்கும் யோசனை, "ஒரு கை கல் உப்பு அள்ளிப் போடுங்க, சரியாயிடும்" என்பதுதான். யோசனையில் தவறில்லை. ஆனால் உப்பு அங்கே என்ன செய்கிறது என்று கேட்டால் "கிருமியைக் கொல்லும்" என்கிறார்கள். அது பெரும்பாலும் தவறு. அதேபோல மீன் மூலையில் ஒதுங்கினாலும், தீனி எடுக்காவிட்டாலும், நிறம் மங்கினாலும் "ஸ்ட்ரெஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த நேரத்தில் மீனின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் பேசுவதில்லை.

காயமும் ஸ்ட்ரெஸ்ஸும் நன்னீர் மீனை ஒரே இடத்தில்தான் அடிக்கின்றன. உடம்பில் இருக்கும் உப்பு வெளியே கசிகிறது, வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே புகுகிறது. இது ஒன்று புரிந்துவிட்டால் எதைச் செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்பது பெருமளவு தெளிந்துவிடும். கோல்ட் ஃபிஷ்ஷை எடுத்துக்காட்டாக வைத்தே இதைப் பார்ப்போம். பலரும் முதலில் வாங்கி வளர்ப்பது அதைத்தான். உப்பையும் நன்றாகத் தாங்கும்.

தண்ணீருக்குள் இருந்துகொண்டே தண்ணீரைத் தடுக்கும் வேலை

பாயசத்துக்கு வாங்கிய உலர்திராட்சை நான்கைந்தை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் சுருக்கம் போய் உப்பிவிடும். உள்ளே சர்க்கரை கெட்டியாக இருக்கிறது, வெளியே வெறும் தண்ணீர். அதனால் தண்ணீர் தோலைத் தாண்டி உள்ளே போகிறது. தோல் கிழிந்த திராட்சை என்றால் உள்ளிருக்கும் சர்க்கரையும் வெளியே கரைந்து வருகிறது, கிண்ணத்துத் தண்ணீர் இனிக்கிறது. அதே திராட்சையைச் சர்க்கரைப் பாகில் போட்டால் அவ்வளவாக உப்பாது. நீர்த்த பக்கத்திலிருந்து கெட்டியான பக்கத்துக்கு, ஒரு மெல்லிய தோல் வழியாகத் தண்ணீர் நகர்வதைச் சவ்வூடு பரவல் என்கிறோம்.

நன்னீர் மீனின் நிலைமையும் இதுதான். அதன் ரத்தத்தின் அடர்த்தி, ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 கிராம் உப்பு கரைத்ததற்குச் சமம். நம் தொட்டித் தண்ணீரில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே இரவு பகலாகச் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. மீன் உப்பி வெடிக்காமல் இருப்பதற்குக் காரணம் இரண்டு. சிறுநீரகம் ஓயாமல் வேலை செய்து, வந்த தண்ணீரை மிகவும் நீர்த்த சிறுநீராக வெளியேற்றுகிறது. செவுளில் இருக்கும் சில சிறப்புச் செல்கள், போன உப்புக்கு ஈடாக வெளித் தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பை இழுத்து உள்ளே சேர்க்கின்றன. இரண்டுக்கும் சக்தி செலவாகிறது. நலமாக இருக்கும் மீனுக்கு இது அன்றாடச் செலவு, சமாளித்துவிடும்.

கடல் மீனுக்கு எல்லாமே தலைகீழ். வெளியே லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருப்பதால் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது. ஆகவே இங்கே சொல்லும் உப்பு வைத்தியம் எதுவும் கடல் மீன் தொட்டிக்குப் பொருந்தாது.

காயம் என்பது ஓர் ஓட்டை

நம் தோலின் மேற்பரப்பு இறந்த செல்களால் ஆனது. மீனுக்கு அப்படியில்லை, ஆகக் கடைசி அடுக்கு வரை உயிருள்ள செல்கள். அதன் மேல் ஒரு வழவழப்புப் பூச்சு இருக்கிறது. இதைக் கோழைப் படலம் என்பார்கள். பாக்டீரியாவைச் சிதைக்கும் பொருள்களும் நோய் எதிர்ப்புப் புரதங்களும் அதில் இருக்கின்றன. பழைய கோழை கழன்று போகும்போது, ஒட்டியிருக்கும் கிருமிகளையும் கூடவே கொண்டுபோகிறது. மீனைக் காய்ந்த கையால் பிடிக்கக் கூடாது என்பது இதனால்தான். சொரசொரப்பான வலையும் இந்தப் படலத்தை உரித்துவிடும்.

செதில் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: அது தோலுக்கு மேலே, கூரை ஓடு மாதிரி பதிந்திருக்கிறது என்று. உண்மையில் செதில் தோலுக்குள்ளிருந்து முளைக்கிறது; உயிருள்ள மேல்தோல் அதன் மேலேயும் போர்த்தியிருக்கிறது. ஒரு செதில் பெயர்ந்தால் அங்கே தோல் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடம் கிழிந்த திராட்சைதான்: தண்ணீர் தடையில்லாமல் உள்ளே போகும், உப்பு வெளியே போகும். உடம்பு சின்னது, புண் பெரியது என்றால் கிருமி ஒன்றுமே தொற்றாவிட்டாலும் இந்தக் கசிவே மீனைக் கொல்லப் போதும்.

ஆறும் விதமும் நம்முடையதைப் போலில்லை. பொருக்கு கட்டுவதில்லை. புண்ணின் ஓரத்தில் இருக்கும் மேல்தோல் செல்கள் நகர்ந்து வந்து ஓட்டையை மூடுகின்றன. இந்த நகர்வு சில மணி நேரங்களிலேயே தொடங்கிவிடும். சின்னக் கீறல் ஒன்றிரண்டு நாளில் மெல்லிய தோலால் மூடிவிடும். அடியில் இருக்கும் திசு, செதில், நிறம் எல்லாம் பிறகு வாரக்கணக்கில் நிரம்பும். தண்ணீரின் வெப்பம் குறைவாக இருந்தால் எல்லாமே மெதுவாகும். துடுப்பைப் பொறுத்தவரை, அடிப்பகுதி மிஞ்சியிருந்தால் திரும்ப வளரும். வேரோடு பிய்ந்துபோனால் அந்த இடத்தில் வளராது.

ஸ்ட்ரெஸ் வந்தால் செவுள் கசியும்

தொட்டியைத் தட்டுவது, வலையால் துரத்துவது, வேறொரு மீன் விரட்டுவது, தண்ணீர் திடீரென மாறுவது: எதுவானாலும் முதலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்க, செவுளுக்குள் ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. தப்பி ஓட ஆக்சிஜன் வேண்டுமே. ஆனால் ஆக்சிஜனை அதிகம் விடும் செவுள், தண்ணீரையும் அதிகம் விடும். உப்பும் அதே வழியாகத் தப்பிப் போகும். பயந்த மீன், உடம்பில் கீறலே இல்லாவிட்டாலும், கசிகிற மீன்தான்.

அடுத்துச் சில நிமிடங்களில் கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறுகிறது. சேமித்து வைத்த சக்தியை எடுத்துச் செலவழிக்க வைப்பது அதன் வேலை. கொஞ்ச நேரத்துக்கு அது நல்லதுதான். மீன்களில் உப்பைச் சமன் செய்யவும் அது உதவுகிறது. பயமுறுத்திய காரணம் போய்விட்டால் சில மணி நேரத்தில் அளவு இறங்கிவிடும். போகாமல் நாள் கணக்கில் நீடித்தால்தான் கேடு: பசி போகிறது, எதிர்ப்புச் சக்தி தளர்கிறது, புண் ஆறுவது தாமதமாகிறது. ஆகவே ஸ்ட்ரெஸ் என்று சொல்லும்போது ஒரு தடவை திடுக்கிட்டதா, விடாமல் தொடரும் தொல்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவதற்குத் தேவை இருட்டும் அமைதியும். இரண்டாவதற்குக் காரணத்தை அகற்றாமல் வேறு எது செய்தும் பயனில்லை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: நன்னீர் மீன் எப்போதும் உள்ளே வரும் தண்ணீரை இறைத்துக்கொண்டே வாழ்கிறது. காயம் தோலில் ஓட்டை போடுகிறது, பயம் செவுளைத் திறந்துவிடுகிறது. இரண்டும் அந்த இறைப்பு வேலையைக் கூட்டுகின்றன. அதில் போகும் சக்தி, புண்ணை ஆற்றுவதற்குக் கிடைக்காமல் போகிறது.

உப்பு செய்யும் உண்மையான வேலை

இப்போது உப்புக்கு வரலாம். திராட்சையைப் பாகில் போட்டால் உப்பாததைப் போல, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் உள்ளே புகும் தண்ணீர் குறைகிறது. மீனின் ரத்தம் 9 கிராம், தண்ணீரில் நாம் போடுவது 3 கிராம் என்றால் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. செவுளுக்கும் உப்பு எளிதாகக் கிடைக்கிறது. மிச்சமாகும் சக்தி புண்ணுக்குப் போகிறது. உப்பு புண்ணை ஆற்றுவதில்லை, ஆற்றுவது மீன்தான்.

கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கை ஏன் நிற்காது? கோல்ட் ஃபிஷ் புண்களில் அடிக்கடி காணப்படும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா, லிட்டருக்கு 3 கிராம் உப்பில் சாதாரணமாகவே வளரும். அதைக் கொல்லும் அளவுக்கு உப்பு போட்டால் முதலில் சாவது மீன். சில ஒட்டுண்ணிகளையும் பஞ்சு போன்ற பூசணத்தையும் உப்பு ஓரளவு அடக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு நன்மை உண்டு. தொட்டிக் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரைட், செவுளில் உப்பின் குளோரைடு நுழையும் அதே வழியாகத்தான் ரத்தத்துக்குள் போய், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்கிறது. தண்ணீரில் குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. இதற்கு லிட்டருக்கு 1 கிராம் தாராளம்.

எந்த உப்பு? தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களிலிருந்து வரும் சாதாரணக் கல் உப்பே போதும். தூளுப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் இருப்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. அயோடின் சேர்த்த உப்பு விஷம் என்று பயப்பட வேண்டாம். உப்பில் சேர்க்கும் அயோடின், கிலோவுக்கு சுமார் 30 மில்லிகிராம். லிட்டருக்கு 3 கிராம் உப்பு போட்டாலும் தண்ணீரில் சேர்வது 0.1 மில்லிகிராமுக்கும் குறைவு. எப்சம் உப்பு வேறு பொருள், மக்னீசியம் சல்பேட். மேலே சொன்ன வேலைகளை அது செய்யாது. இந்துப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், ஆனால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்க அவசியமில்லை.

எவ்வளவு? "ஒரு கை" என்பது ஆளுக்கு ஆள் மாறும். கல் உப்பில் கரண்டிக் கணக்கும் சரிவராது. கல் பெரிதானால் கரண்டியில் எடை குறையும். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பயந்து ஒடுங்கிய மீன், பயணத்தில் வந்த புது மீன், லேசான வால் கிழிசல் ஆகியவற்றுக்கு லிட்டருக்கு 1 கிராம். செதில் பெயர்ந்த புண், சதை தெரியும் காயம் என்றால் கோல்ட் ஃபிஷ்ஷுக்கு 2 முதல் 3 கிராம். தண்ணீரின் அளவைக் கணக்கிட நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். இரண்டடித் தொட்டி ஒன்றில் 60 × 30, தண்ணீர் 25 சென்டிமீட்டர் என்றால் 45 லிட்டர். அடியில் கல் பரப்பியிருந்தால் 40 என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 2 கிராம் என்றால் 80 கிராம் உப்பு.

அதை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. மூன்று பங்காக்கி, 12 மணி நேர இடைவெளியில், ஒரு ஜக்குத் தொட்டித் தண்ணீரிலேயே முழுதும் கரைத்து, அடியில் தங்கும் மண்ணை விட்டுவிட்டு, மீனை விட்டு எட்டத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். கரையாத கல் ஒன்று மீன் மேல் படிந்தால் அந்த இடத்துத் தோல் வெந்துவிடும்.

உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றியதற்கு ஈடாக நிரப்பும்போது வெறும் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீரை வெளியே எடுத்து மாற்றும்போது மட்டும், எடுத்த அளவுக்குரிய உப்பைச் சேருங்கள். இதைக் கவனிக்காமல் நிரப்பும்போதெல்லாம் உப்புப் போட்டு, இரண்டு வாரத்தில் அளவை இரட்டிப்பாக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

எல்லா மீனும் கோல்ட் ஃபிஷ் மாதிரி தாங்காது. மோலி, கப்பிக்கு உப்பு பிரச்சினையே இல்லை. கோரிடோராஸ், லோச், டெட்ரா வகைகளுக்கு 1 கிராமுக்கு மேல் போக வேண்டாம். தொட்டிச் செடிகளில் பலவும் 2 கிராமிலேயே வாடத் தொடங்கும்.

அதிகம் பேர் அறியாத ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஃபில்டரில் ஜியோலைட் கல் போட்டிருந்தால் உப்புச் சேர்ப்பதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். ஜியோலைட், மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவைப் பிடித்து வைத்திருக்கும். உப்பின் சோடியம் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு, சேர்த்து வைத்த அம்மோனியாவை மொத்தமாகத் தண்ணீரில் விட்டுவிடும். "உப்புப் போட்ட மறுநாளே மீன் செத்துடுச்சு" என்று சொல்லும் வீடுகளில் இதையும் ஒரு காரணமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

உப்புப் பொட்டலத்தை எடுப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் தொட்டியைப் பாருங்கள். யார் விரட்டுகிறார்கள்? கூர்மையான கல், பிளாஸ்டிக் செடி, உடைந்த அலங்காரப் பொம்மை ஏதாவது இருக்கிறதா? ஃபில்டர் உறிஞ்சும் வாயில் வலை போட்டிருக்கிறதா? துருத்திய கண் உள்ள பிளாக் மூர் வகைக்குக் கண்ணில் காயம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

கோல்ட் ஃபிஷ்ஷின் விலாவில் வட்டமாக, தேய்ந்தாற்போல், செதில் போன இடம் தெரிந்தால், தொட்டியில் "டேங்க் கிளீனர்" என்று வாங்கிவிட்ட சக்கர் மீனைச் சந்தேகியுங்கள். பாசி தின்னும் என்று கடையில் கொடுப்பது அது. வளர்ந்ததும், மெதுவாக நீந்தும் தட்டையான உடம்பு கிடைத்தால், இரவில் அதில் வாயை ஒட்டவைத்துக் கோழையை உறிஞ்சும். பகலில் பார்த்தால் இரண்டும் சாதுவாக இருக்கும். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கர் மீனை வேறு தொட்டிக்கு மாற்றாமல் எந்த மருந்தும் பலிக்காது. அதைக் குளத்திலோ ஏரியிலோ விடவே கூடாது. அங்கே பெருகி நம் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அம்மோனியாவையும் பார்க்க வேண்டும். அது இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று அதிகத் தீங்கில்லாதது, மற்றது செவுளை எரிப்பது. தண்ணீர் காரமாக ஆக ஆக எரிக்கும் வடிவம் கூடும். 25 டிகிரியில், காரத்தன்மையின் அளவான பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 என்றால் 5 பங்குக்கு மேல். போர் தண்ணீர் பி.எச். 8 இருக்கும் வீட்டில், பரிசோதனையில் வரும் சின்ன எண்ணையும் அலட்சியம் செய்யாதீர்கள். துளி வகைப் பரிசோதனைப் பெட்டிகள் இரண்டு, ஒன்று அம்மோனியாவுக்கு, ஒன்று பி.எச்.-க்கு, எந்த மருந்தை விடவும் முதலில் வாங்க வேண்டியவை.

தனியே மாற்ற வேண்டுமா?

அடிபட்டதும் வலையைப் போட்டுப் பிடித்து ஒரு சின்னக் கிண்ணத்தில் போடுவது பலர் செய்வது. நம் கருத்தில் பாதி நேரம் இது தேவையில்லாதது. பிடிப்பதே இன்னொரு பயம், இன்னொரு கசிவு. வால் நுனி கிழிந்து, தீனி எடுத்து, மற்ற மீன்கள் தொல்லை தராமல் இருந்தால் அங்கேயே விடுங்கள். விரட்டும் மீன் ஒன்றுதான் என்றால் அதைப் பிடித்து மாற்றுவதே நியாயம். கூட்டமாக வாழும் டெட்ரா, பார்ப் வகைகளைத் தனியே வைத்தால் அந்தத் தனிமையே அவற்றை வாட்டும்; தொட்டிக்குள் வலைத் தடுப்பு வைத்துக் கூட்டத்தைப் பார்க்க விடலாம்.

சதை தெரியும் புண், கண்ணில் காயம், மற்றவை கொத்துவது, செடியோ சக்கர் மீனோ இருப்பதால் உப்புப் போட முடியாத நிலை: இவற்றுக்குத் தனித் தொட்டி அவசியம். கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்பதில்லை. சோப்பு படாத 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும், சின்ன கோல்ட் ஃபிஷ் என்றால். அடியில் கல் வேண்டாம். ஒளிந்துகொள்ள நாலங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று, விளிம்பைத் தேய்த்து மழுக்கிப் போடுங்கள். மேலே வலை மூடி. பயந்த மீன் குதிக்கும். மூன்று பக்கமும் துணி சுற்றுங்கள், விளக்கு வேண்டாம். காற்றுக்கு ஏர் பம்ப்பும் ஸ்பான்ஜ் ஃபில்டரும். ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்க வேண்டும். அதனால் பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பான்ஜையே எடுத்துவைக்க வேண்டும். புது ஸ்பான்ஜ் சில வாரங்களுக்கு வெறும் அழுக்கு வடிகட்டிதான்.

தண்ணீரில் பாதியைப் பழைய தொட்டியிலிருந்தே எடுங்கள், அது சுத்தமாக இருந்தால். மீதிக்குக் குழாய்த் தண்ணீர் அல்லது லாரித் தண்ணீர் என்றால் குளோரினை நீக்க வேண்டும். கடையில் ஆன்டி குளோரின் என்று கிடைப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட்; லேபிளில் சொன்ன அளவு போட்டால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். இரண்டு தொட்டிக்கும் வெப்ப வித்தியாசம் 2 டிகிரிக்குள் இருக்கட்டும். மீனை வலையால் தூக்காமல், ஒரு ஜக்கையோ கிண்ணத்தையோ தண்ணீருக்குள் அமிழ்த்தி அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு தூக்கி மாற்றுங்கள்.

20 லிட்டருக்கு, லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 40 கிராம் உப்பு. 13, 13, 14 கிராமாக மூன்று முறை. தினமும் 8 லிட்டர் எடுத்து, 16 கிராம் கரைத்த 8 லிட்டர் ஊற்றுங்கள். இந்தத் தினசரி மாற்றம்தான் மிக முக்கியம். சிகிச்சைத் தொட்டியில் சாகும் மீன்களில் பல, கொண்டுவந்த புண்ணால் சாவதில்லை. அந்தச் சின்னத் தண்ணீரில் தன் கழிவாலேயே சாகின்றன.

வண்ண மீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூர் போய் மீன் வாங்கிப் பல மணி நேரம் பையில் கொண்டு வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரின் பி.எச்.-ஐ இறக்கி வைத்திருக்கும்; அதனால் சேர்ந்த அம்மோனியா பெரும்பாலும் தீங்கில்லா வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு பறந்து பி.எச். ஏற, அது எரிக்கும் வடிவுக்கு மாறும். ஆகவே பையை மூடியபடியே 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். திறந்த பிறகு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்துகொண்டிருக்காமல், மீனை உடனே எடுத்துத் தொட்டியில் விட்டுவிடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

செய்யக் கூடாதவை

டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும். மீனுக்குள் போவது கொஞ்சம்தான். ஃபில்டர் பாக்டீரியாவைப் பாதிக்கவும் மருந்தைத் தாங்கும் கிருமிகளை வளர்க்கவும்தான் அது உதவும். மெத்திலீன் ப்ளூவும் ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கும். பூசணத்துக்கு அது பயன்படும், ஆனால் தனித் தொட்டியில் மட்டும். மஞ்சள்தூள் தண்ணீரில் கரையாது, துகள்கள் செவுளில்தான் போய்ப் படியும்.

ஹீட்டர் போட்டுச் சூடேற்றினால் சீக்கிரம் ஆறும் என்பதும் நம் ஊருக்கு ஆபத்தான யோசனை. தண்ணீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறைவாகக் கரையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம், 32 டிகிரியில் 7.3. மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் அதிகம் தேவை. கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன். சித்திரை வெயிலில் செய்ய வேண்டியது, தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று படும்படி ஃபேனைத் திருப்பி வைப்பதுதான்.

தேறுகிறதா, மோசமாகிறதா?

இரண்டாம் மூன்றாம் நாளில் புண்ணின் ஓரத்தில் கண்ணாடி போல, சற்றே வெண்மையாக ஒரு மெல்லிய விளிம்பு தெரியும். அது புதுத் தோல். பூசணம் என்று பயந்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். பூசணம் என்றால் பஞ்சு இழை போல நீட்டிக்கொண்டு தண்ணீரில் அசையும். கிழிந்த வாலில் புதிதாக வளரும் பகுதியும் முதலில் நிறமே இல்லாமல் ஊடுருவித் தெரியும், பிறகுதான் நிறம் ஏறும். கோல்ட் ஃபிஷ்ஷுக்கு ஆறிவரும் இடத்தில் கரும்புள்ளியோ கறுப்புத் தீற்றலோ தோன்றுவதுண்டு. அம்மோனியாவால் வெந்த இடங்களிலும் அப்படி வரும். ஆறும் இடத்தில் நிறமிச் செல்கள் கூடுவதால் வருவது அது. சில வாரங்களில் தானே மறையும். ஆனால் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லும் நினைவூட்டலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. வாயைச் சுற்றியோ முதுகிலோ சாம்பல்-வெள்ளைப் பட்டை ஒரே நாளில் பரவினால் அது பஞ்சு போலத் தெரிந்தாலும் பூசணமல்ல; காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். சூடான தண்ணீரில் அது இன்னும் வேகம் பிடிக்கும். புண்ணைச் சுற்றிச் சிவப்பு அகலமாவது, துடுப்பின் வேரில் ரத்தக் கோடுகள், மூன்று நாளுக்கு மேல் தீனி தொடாதது ஆகியவையும் தொற்று உள்ளே போனதற்கு அடையாளம். செதில்கள் எல்லாம் நிமிர்ந்து, மேலிருந்து பார்த்தால் அன்னாசிப் பழம் போலத் தெரிந்தால் சிறுநீரகம் தண்ணீரை இறைக்க முடியாமல் தோற்றுக்கொண்டிருக்கிறது. இந்நிலைகளில் உப்பு மட்டும் போதாது. மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடி, பொன்னேரி மீன்வளக் கல்லூரிகளில் விசாரித்தால் வழி கிடைக்கும். போகும்போது அம்மோனியா, பி.எச். எண்களையும் புண்ணின் படங்களையும் கொண்டுபோங்கள்.

சுருக்கமாக: ஓரத்தில் ஊடுருவித் தெரியும் வெண்மை நல்லது, பரவும் வெண்மை கெட்டது. கறுப்பு பெரும்பாலும் ஆறுவதன் அடையாளம், அகலும் சிவப்பு தொற்றின் அடையாளம்.

தீனியும் திரும்புதலும்

மாற்றிய முதல் நாள் தீனி வேண்டாம். பயந்த மீன் சாப்பிடாது, மிச்சம் அழுகி அம்மோனியாவாகும். அடுத்த நாள் ஐந்தாறு பெல்லட். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்னாததை டியூபால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். புதுத் தோல் உருவாகப் புரதமும் வைட்டமின் சி-யும் வேண்டும். மீனால் வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்க முடியாது. தீனியில்தான் வர வேண்டும். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது சிதைந்துவிடும் என்பதால், கடையில் பெரிய மூட்டையிலிருந்து அள்ளிக் கட்டிக் கொடுக்கும் தீனியோ, போன வருடம் திறந்த டப்பாவோ வேண்டாம். தேதி அச்சிட்ட சின்ன டப்பா வாங்கி, இறுக மூடி, இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுங்கள்.

சதை தெரிந்த இடம் முழுதும் தோலால் மூடி, மீன் துடுப்பை விரித்து நீந்தி, தீனிக்கு மேலே வந்தால் திரும்ப விடலாம். செதில் முளைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உப்பை இறக்குவதும் படிப்படியாகத்தான்: வழக்கமான தினசரி மாற்றத்தில் வெறும் தண்ணீரை ஊற்றினாலே, 20 லிட்டரில் 8 லிட்டர் வீதம், 2 கிராம் என்பது முதல் நாள் 1.2, அடுத்த நாள் 0.7, மூன்றாம் நாள் 0.4 ஆகிவிடும். நான்காம் நாள் மாற்றலாம். மாற்றும் அன்று பெரிய தொட்டியின் கற்களையும் பொம்மைகளையும் இடம் மாற்றி வையுங்கள். மற்ற மீன்கள் பிடித்து வைத்திருந்த எல்லைகள் கலைந்துவிடும், திரும்பி வந்தது மட்டும் புதிதாகத் தெரியாது. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு ஜக்கிலிருந்து விடுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் கவனியுங்கள். யாராவது விடாமல் துரத்தினால் தடுப்பு வலையைப் போடுங்கள், தனித் தொட்டியை ஒரு வாரத்துக்குக் கலைக்காமல் வைத்திருங்கள்.